மென்பொருள் சோதனை வேலையிலிருந்து உதவித் தொழில்நுட்பத் துறைக்கு மாறலாமா?

உங்கள் கேள்வியின் சுருக்கம் இது. பல வருடமாக மென்பொருள் சோதனையில் இருக்கிறீர்கள். அக்கா மகனுக்குப் பெருமூளை வாதம், பேச்சு தெளிவாக வராது. டேப்லெட்டில் படங்களைத் தொட்டுப் பேசப் பழகிக்கொண்டிருக்கிறான். அதைக் கூடவே இருந்து பார்த்ததில், மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் இப்படிப்பட்ட கருவிகளின் துறைக்கே வந்துவிடலாம் என்று தோன்றியிருக்கிறது. மறுபடி பட்டம் படிக்க வேண்டுமா, சம்பளம் எவ்வளவு அடிவாங்கும், மனதில் இருக்கும் ஒரு கருவி யோசனையை வைத்தே ஆரம்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாறலாம். உங்கள் பின்னணிக்கு இன்னொரு பட்டம் தேவைப்படாத வழிகளும் இருக்கின்றன. ஆனால் எந்த வழியில் வந்தாலும் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாருங்கள். இந்த வேலையில் கருவி என்பது சிறு பகுதி. எதிரே இருப்பவருக்கு எது பொருந்தும் என்று கண்டுபிடிப்பது, பழக்கிக் கொடுப்பது, சில மாதம் கழித்து மறுபடி போய்ப் பார்ப்பது, இவைதான் பெரும்பகுதி. கருவிகள் மேல் உள்ள ஆசையால் மட்டும் வருகிறவர்கள் சீக்கிரம் சலித்துப்போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். மனிதர்களைக் கவனிப்பதில் ஆர்வம் உள்ளவர்கள் நிலைத்து நிற்கிறார்கள்.

உதவித் தொழில்நுட்பம் என்றதும் பலருக்கும் கண்ணசைவில் இயங்கும் கணினியும் ரோபோ கையும்தான் நினைவுக்கு வரும். உலக சுகாதார நிறுவனம் 2016-ல் வெளியிட்ட முன்னுரிமைப் பட்டியலில் 50 சாதனங்கள் இருக்கின்றன. பிரெய்ல் திரையும் செவித்துணைக் கருவியும் அதில் உண்டு. மூக்குக் கண்ணாடி, ஊன்றுகோல், குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளும் கம்பி, மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து வைக்கும் பெட்டி ஆகியவையும் அதே பட்டியலில்தான் இருக்கின்றன. அந்த நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து 2022-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் 250 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஏதாவது ஒரு உதவி சாதனமாவது தேவை. மக்கள்தொகையில் முதியவர்கள் கூடிக்கொண்டே போவதால் 2050-ல் அது 350 கோடி ஆகும் என்கிறார்கள். தேவைப்படுகிறவர்களில் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது என்று பார்த்தால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்: சில ஏழை நாடுகளில் 3 சதவீதம், சில பணக்கார நாடுகளில் 90 சதவீதம். வேலைக்குப் பஞ்சமே இல்லை. அந்த வேலைக்குச் சம்பளம் கொடுக்க ஆள் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பட்டம். சில கதவுகள் பட்டமும் உரிமமும் இல்லாமல் திறக்காது. திறக்கவும் கூடாது என்பதுதான் என் கருத்து. அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், பிசியோதெரபிஸ்ட், ஸ்பீச் தெரபிஸ்ட், செவித்திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட், செயற்கைக் கால் கை செய்து பொருத்துகிறவர்கள், இவர்கள் எல்லாரும் உடலைத் தொட்டு முடிவெடுக்கிறவர்கள். ஏன் இவ்வளவு கறார் என்று கேட்டால், சக்கர நாற்காலியை எடுத்துக்கொள்ளுங்கள்.

பார்க்க எல்லா நாற்காலியும் ஒன்றுபோலவே இருக்கும். உட்காரப் போகிறவருக்கு முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை என்று வைத்துக்கொள்வோம். கால் வைக்கும் பலகை தேவையானதைவிட ஒரு விரற்கடை உயரமாக இருந்தால் முழங்கால் மேலே தூக்கும், தொடை மெத்தையை விட்டு எழும்பும், உடல் எடை முழுக்க இரண்டு உட்காரும் எலும்புகள் மேல் இறங்கும். நமக்கென்றால் வலிக்கும், நெளிந்து உட்காருவோம். அவருக்கு வலி தெரியாது. தெரியவரும்போது புண் ஆழமாகப் போயிருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் சக்கர நாற்காலிப் பயிற்சியில் இதற்கு ஒரு கைச் சோதனை சொல்லித் தருகிறார்கள். அவர் உட்கார்ந்திருக்கும்போது விரல் நுனிகளை அந்த எலும்புக்குக் கீழே விட்டுப் பார்க்க வேண்டும். விரல் நுனியை 5 மில்லிமீட்டராவது மேலும் கீழும் அசைக்க முடிந்தால் சரி. அசைக்க முடியவில்லை, ஆனால் விரலை எளிதாக வெளியே இழுக்க முடிகிறது என்றால் எச்சரிக்கை. விரலை இழுக்கவே சிரமமாக இருந்தால் ஆபத்து. எந்த விலையுயர்ந்த கருவியும் இல்லை, ஒரு கை போதும். ஆனால் அந்தக் கைக்குப் பயிற்சி வேண்டும், தொடுவதற்கு அவர் சம்மதம் வேண்டும், ஆபத்து என்று தெரிந்தால் அடுத்து என்ன செய்வது என்ற அறிவு வேண்டும். உங்களுக்கு இந்தப் பக்கம்தான் மனது இழுக்கிறது என்றால் தயங்காமல் படிக்கப் போங்கள். சில வருடங்கள் ஆகும், ஆனால் வீண்போகாது.

அந்தப் பக்கம் இழுக்கவில்லை என்றால் மற்ற வழிகள் உண்டு: இணையதளங்களையும் செயலிகளையும் எல்லாராலும் பயன்படுத்த முடிகிறதா என்று சோதிப்பது (அணுகல்தன்மை சோதனை என்பார்கள்), பயனர்களுக்குக் கருவிகளைப் பழக்கிக் கொடுப்பது, பழுது பார்ப்பது, தயாரிப்பு நிறுவனங்களில் வடிவமைப்பு, ஆய்வு, வாடிக்கையாளர் உதவி. உங்களுக்கு முதலாவதுதான் பக்கத்துக் கதவு.

திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் மென்பொருள்தான் ஸ்கிரீன் ரீடர். பார்வையற்ற ஒருவரிடம் அது எவ்வளவு நல்லதாக இருந்தாலும், இணையப் பக்கத்தை எழுதியவர் சரியாக எழுதாவிட்டால் அது வாசிக்க ஒன்றும் இருக்காது. கண்ணுக்கு அழகான தேடல் சின்னம் தெரியும். ஸ்கிரீன் ரீடர் 'பட்டன்' என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்கும். எதற்கான பட்டன்? அழுத்திப் பார்த்தால்தான் தெரியும். அது 'அனுப்பு' பட்டனா 'அழி' பட்டனா என்று தெரியாமல் ஒரு மனிதர் தினமும் எத்தனை முறை அழுத்த வேண்டியிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். இணைய அணுகல்தன்மைக்காக இயங்கும் வெப்எய்ம் அமைப்பு ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைத் தானியங்கிக் கருவியால் சோதிக்கிறது. 2025-ல் அவற்றில் 94.8 சதவீதப் பக்கங்களில் குறை இருந்தது. தானியங்கிக் கருவி கண்டுபிடிக்கக்கூடிய குறைகள் மட்டும் இவ்வளவு. படத்தைச் சொற்களில் விவரிக்கும் மாற்றுவரி இருக்கிறதா என்று கருவி சொல்லும், அந்த வரியில் அர்த்தம் இருக்கிறதா என்று சொல்லாது. அதற்கு ஆள் வேண்டும். உங்களைப் போன்ற ஆள்.

என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரை இலவசமாகத் தரவிறக்கிக்கொள்ளுங்கள். இப்போது வேலை செய்துகொண்டிருக்கும் தயாரிப்பையே எடுங்கள். மவுஸைத் தள்ளி வையுங்கள், திரையை அணையுங்கள், பதிவுப் படிவத்தை டேப் விசையாலும் காதாலும் மட்டும் நிரப்பிப் பாருங்கள். எங்கே சிக்கினீர்கள், ஸ்கிரீன் ரீடர் என்ன சொன்னது, என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று வழக்கமான பிழை அறிக்கை போலவே எழுதுங்கள். அப்புறம் ஒவ்வொரு பிழையையும் டபிள்யூ.சி.ஏ.ஜி என்ற இணைய அணுகல்தன்மை வழிகாட்டி எந்த விதியின் கீழ் வைக்கிறது என்று தேடுங்கள். அந்த வழிகாட்டு விதிகளின் 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதலில் வாசிக்கும்போது சட்டப் புத்தகம் மாதிரி இருக்கும். கையில் ஒரு பிழையை வைத்துக்கொண்டு வாசித்தால் ஒவ்வொரு வரியும் எதற்காக எழுதப்பட்டது என்று புரியும். இதை இப்போதைய நிறுவனத்தில் உட்கார்ந்தே செய்யலாம். வேலையை விடாமலேயே அனுபவச் சான்று சேர்கிறது.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். திரையை அணைத்து சோதிப்பதால் பார்வையற்றவரின் அனுபவம் உங்களுக்கு வந்துவிடாது. பழகியவர்கள் ஸ்கிரீன் ரீடரை வைத்திருக்கும் வேகத்தில் உங்களுக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது. அவர்கள் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவி, நீங்கள் மூன்றாவது வரியில் இருக்கும்போது பக்கத்தையே முடித்திருப்பார்கள். உங்கள் சோதனை பக்கத்தில் உள்ள குறையைக் காட்டும். அந்தக் குறை ஒருவரின் அன்றாடத்தில் எவ்வளவு பெரியது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

இந்தத் துறையின் வரலாறே அப்படித்தான். ஜாஸ் என்ற ஸ்கிரீன் ரீடரை உருவாக்கிய டெட் ஹென்டர் பைக் பந்தய வீரர். 1978-ல் கார் விபத்தில் பார்வை போனது. அதன் பிறகு நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். ஜாஸ் 1989-ல் வெளிவந்தது. என்விடிஏவை 2006-ல் தொடங்கியவர் மைக்கேல் கர்ரன், பின்னர் ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள். ஆகவே வேலை தேடும்போது ஒரு நிறுவனத்தை எடைபோட எளிய வழி, அங்கே மாற்றுத்திறனாளிகள் எந்த நாற்காலியில் இருக்கிறார்கள் என்று பார்ப்பது. முடிவெடுக்கும் இடத்தில் இருக்கிறார்களா, சம்பளத்துக்குச் சோதிக்கிறார்களா, அல்லது விளம்பரப் படத்துக்கு மட்டும் வருகிறார்களா?

இப்போது உங்கள் கருவி யோசனைக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன்.

1993-ல் பெட்சி பிலிப்ஸும் ஹாங்சின் ஜாவோவும் அமெரிக்காவில் 227 மாற்றுத்திறனாளிகளிடம் கேட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அவர்கள் வாங்கிய சாதனங்களில் 29.3 சதவீதம் முழுக்கக் கைவிடப்பட்டிருந்தன. காரணங்களாக வந்தவை நான்கு. தேர்ந்தெடுக்கும்போது பயனரின் கருத்தைக் கேட்காதது, சாதனம் சரியாக வேலை செய்யாதது, பயனரின் தேவை மாறிப்போனது, இவை மூன்றும் எதிர்பார்த்தவை. நான்காவது, சாதனம் மிக எளிதாகக் கிடைத்துவிட்டது. முதலில் இது விசித்திரமாகத் தோன்றும். யோசித்தால் சரிதான்: மதிப்பீடு எதுவும் இல்லாமல் கைக்கு வந்த சாதனம் பொருந்தாமல் போவதற்கு வாய்ப்பு அதிகம். மூலையில் தூசி படிந்து கிடக்கும் நடைக்கட்டைகளையும் அலமாரியில் உறங்கும் செவித்துணைக் கருவிகளையும் பார்த்த எவருக்கும் அந்த ஆய்வு ஆச்சரியம் தராது. அந்த 29.3-ஐ அடுத்தவர் தலையில் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிவிட்டுப் போகும் பழக்கம் இன்னும் இருக்கிறது. எனக்கு அதில் கோபம் உண்டு. ஒருவர் ஒரு சாதனத்தைப் பயன்படுத்தாமல் வைத்துவிட்டார் என்றால் அவர் நமக்கு ஒரு தகவல் சொல்கிறார்.

அதனால் யோசனையோடு ஆரம்பிக்காதீர்கள். ஒரு மனிதரோடு, அவரால் செய்ய முடியாமல் இருக்கும் ஒரு வேலையோடு ஆரம்பியுங்கள். சிறப்புக் கல்வியில் ஜாய் ஸபாலா கொடுத்துவிட்டுப் போன ஒரு வரிசை இருக்கிறது: முதலில் மாணவர், பிறகு அவர் இருக்கும் சூழல், பிறகு அங்கே செய்ய வேண்டிய காரியம், கடைசியில்தான் கருவி. வரிசையை மாற்றினால் கருவிக்கு ஏற்ற ஆளைத் தேடி அலைய நேரிடும். பொறியியல் பின்னணியிலிருந்து வருகிறவர்களுக்கு இதுதான் மிகக் கடினமான பாடம். கையில் தீர்வு வந்துவிட்டால் கேள்வியைக் கேட்கப் பொறுமை இருக்காது.

கையால் செய்வதில் ஆர்வம் இருந்தால் அதற்கும் இடம் இருக்கிறது. மேக்கர்ஸ் மேக்கிங் சேஞ்ச் என்ற கனடிய அமைப்பு, யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய உதவி சாதனங்களின் வரைபடங்களைத் திறந்த மூலமாக வெளியிடுகிறது. ஒரு விரலாலோ தலையாலோ அழுத்தும் சுவிட்சுகள் பெரும்பாலும் சாதாரண 3.5 மில்லிமீட்டர் ஆடியோ பிளக்கில்தான் இணைகின்றன. பேட்டரியில் ஓடும் பொம்மைக்குள் அந்தச் சாக்கெட்டை வைத்துக் கொடுத்தால், கையை மூடித் திறக்க முடியாத குழந்தை தானே பொம்மையை ஓடவிடும், தானே நிறுத்தும். 'நான் அழுத்தினால் நடக்கிறது' என்று அந்தக் குழந்தை புரிந்துகொள்வதுதான் பிற்பாடு கணினி வரைக்கும் போகும் பாதையின் முதல் படி. இதைச் செய்யச் சாலிடரிங் தெரிந்தால் போதும். புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பதைவிட இருப்பதைப் பொருத்திக் கொடுக்கவும் பழுது பார்க்கவும் ஆள் கிடைப்பதுதான் இந்தத் துறையில் அரிது. சக்கர நாற்காலியின் ஒரு பேரிங் போனால், உட்கார்ந்திருப்பவரின் நாளே நின்றுவிடும்.

உங்கள் அக்கா மகனின் விஷயம் இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். மாற்று வழித் தொடர்பு என்று சொல்லும் இந்த வேலையில் பெரியவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் திறமை காத்திருப்பது. குழந்தையிடம் ஒன்று கேட்கிறோம். அவன் பார்வை திரைக்குப் போகிறது, கை எழுகிறது, வழியில் தசை இறுகுகிறது, கை தவறிய கட்டத்தில் விழுகிறது, மறுபடி எழுகிறது. இதற்கு அரை நிமிடம்கூட ஆகலாம். பத்தாவது நொடியிலேயே நாம் 'தண்ணியா? பாத்ரூமா?' என்று அவன் வாக்கியத்தைப் பறித்துவிடுகிறோம். வாயை மூடிக்கொண்டு, முகத்தில் அவசரம் காட்டாமல் இருக்கப் பழகியவரிடம் குழந்தைகள் பேசுகிறார்கள். அடுத்தது, நாமும் அதே டேப்லெட்டில் தொட்டுப் பேசிக் காட்டுவது. காதில் கேட்காத மொழியை யாரும் பேசப் பழகுவதில்லை. அந்தப் படங்களில் யாரும் தன்னிடம் பேசிப் பார்க்காத குழந்தையும் அப்படியே. 'வேண்டும்', 'கொடு' மட்டும் வைத்துவிட்டு விட்டுவிடாதீர்கள். 'பிடிக்கல', 'போதும்', 'நீ சொல்', 'ஏன்' எல்லாம் அவனுக்கும் வேண்டும்.

உங்கள் நிரல் அறிவு இங்கே உதவும் இடமும் உண்டு. ஆங்கிலத்துக்காக அமைத்த கட்டங்களில் 'போ' என்ற படத்தைத் தொட்டால் வேலை முடிந்துவிடும். தமிழில் போகிறேன், போனாள், போகமாட்டோம் என்று காலமும் ஆளும் வினையிலேயே ஒட்டிக்கொள்வதால், அதே கட்டமைப்பை மொழிபெயர்த்து வைத்தால் குழந்தை துண்டு துண்டாகத்தான் பேச முடியும். விகுதிகளை எப்படி, எத்தனை தொடுதலில் கொடுப்பது என்பது நல்ல நிரலாளரும் நல்ல ஸ்பீச் தெரபிஸ்ட்டும் சேர்ந்து உட்கார வேண்டிய சிக்கல். ஆனால் அவனுக்கு நீங்களே மதிப்பீட்டாளர் ஆகிவிடாதீர்கள். அவனுடைய ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு ஒரு அமர்வில் பேசாமல் உட்கார்ந்து பாருங்கள்.

சான்றிதழ்கள் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அணுகல்தன்மைப் பக்கம் போனால், அணுகல்தன்மை வல்லுநர்களின் சர்வதேச அமைப்பான ஐ.ஏ.ஏ.பி நடத்தும் சி.பி.ஏ.சி.சி தேர்வு அடிப்படைக்கும், டபிள்யூ.ஏ.எஸ் தேர்வு இணையத் தொழில்நுட்ப ஆழத்துக்கும். சாதனங்களைப் பொருத்தும் பக்கம் என்றால் வட அமெரிக்க உதவித் தொழில்நுட்ப அமைப்பான ரெஸ்னா தரும் ஏ.டி.பி சான்று உண்டு. அதற்கு முன்பே துறையில் வேலை செய்த அனுபவ நேரம் கேட்பார்கள், எனவே அது உள்ளே வர உதவும் சான்று இல்லை, வந்தபின் எடுப்பது. இவற்றுக்கெல்லாம் முன்னால், உலக சுகாதார நிறுவனத்தின் 'டாப்' என்ற இலவச இணையப் பயிற்சியைப் பாருங்கள். எளிய சாதனங்களை எப்படித் தேர்ந்தெடுத்து, பொருத்தி, பழக்கி, தொடர்ந்து கவனிப்பது என்று படிப்படியாகச் சொல்லித் தரும். இத்துறையில் உங்களுக்குப் பொறுமை இருக்கிறதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

சம்பளம். அணுகல்தன்மை சோதனைக்கு மாறினால் பெரிய இறக்கம் இருக்காது, ஏனென்றால் நீங்கள் மென்பொருள் துறையை விட்டே போகவில்லை. சட்டங்களும் உங்கள் பக்கம் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அங்கே விற்க நினைக்கும் நிறுவனம் எந்த நாட்டில் இருந்தாலும் கவனிக்க வேண்டியிருக்கிறது. பயிற்சி கொடுப்பது, பொருத்துவது, தொண்டு நிறுவன வேலை என்று போனால் சம்பளம் குறையும், பல இடங்களில் கணிசமாகக் குறையும். பல பதவிகள் மானியத்தில் ஓடுகின்றன. மானியம் முடிந்தால் பதவியும் முடியும். நேர்காணலில் இதைக் கேட்க வெட்கப்படாதீர்கள்: இந்தப் பதவிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு காலத்துக்கு? கூடவே, சாதனம் கொடுத்த பிறகு தொடர்ந்து போய்ப் பார்க்க நேரமும் பணமும் ஒதுக்கியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். எத்தனை சாதனம் கொடுத்தோம் என்ற எண்ணிக்கையை மட்டும் பெருமையாகச் சொல்லி, அதில் எத்தனை இன்றைக்கும் பயன்பாட்டில் இருக்கிறது என்று சொல்லத் தெரியாத இடத்தில் நீங்கள் கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது.

வேலையை இப்போதே விட வேண்டாம். வாரம் ஒரு நாளோ அரை நாளோ, மாற்றுத்திறனாளிகளே நடத்தும் ஒரு அமைப்பில் சின்ன வேலையாக எடுத்துச் செய்யுங்கள்: கணினி வகுப்பில் உதவுவது, படிவம் நிரப்பும்போது கூட உட்காருவது, ஸ்கிரீன் ரீடர் நிறுவித் தருவது. 'எந்தச் சாதனத்தைப் பயன்படுத்துகிறீர்கள்' என்று கேட்காமல் 'எதை வாங்கிவிட்டுப் பயன்படுத்தாமல் வைத்திருக்கிறீர்கள், ஏன்' என்று கேளுங்கள். சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், நடுவில் தீர்வு சொல்லாதீர்கள். அவர்கள் நேரத்துக்கும் விலை உண்டு. உங்கள் தயாரிப்பைச் சோதிக்கச் சொன்னால் பணம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். சில மாதம் இப்படிப் போன பின்னும் அந்த நாளை எதிர்பார்த்துக் காத்திருக்கிறீர்கள் என்றால், அணுகல்தன்மை சோதனைப் பதவிகளுக்கு விண்ணப்பிக்கத் தொடங்குங்கள். விண்ணப்பத்தில் சான்றிதழ்ப் பெயர்களுக்கு மேலே, நீங்கள் கண்டுபிடித்து சரிசெய்ய வைத்த மூன்று குறைகளையும், அதனால் யாருக்கு என்ன செய்ய முடிந்தது என்பதையும் எழுதுங்கள். ஆள் எடுக்கும் இடத்தில் நான் முதலில் தேடுவது அதைத்தான்.